உயிராற்றலின் கணக்கை எழுதியவர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நீரிழிவு என்னும் சொல் நம் இல்லங்களில் உப்பு, புளி என்பனவற்றைப் போலப் பழகிப்போன சொல்லாகிவிட்டது. வலீமா விருந்தில் பந்தியில் அமர்ந்தால், இனிப்பை ஒதுக்கிவைக்கும் இலைகளை எண்ணியே எத்தனை பேருக்கு இந்நோய் உண்டு என்று சொல்லிவிடலாம். இந்நோயைப் பற்றி மருத்துவர் எழுதட்டும். தமிழாசிரியன் ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

சில மாதங்களுக்கு முன் உயிர்வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் திருவெறும்பூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் ஈரலில் ஆக்சிசனேற்ற நெருக்கடி எந்த அளவில் உள்ளது, அதை எதிர்க்கும் நொதிகள் எவ்வளவு குறைகின்றன என்பது அவருடைய ஆய்வு. அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டுவந்து திருத்தித் தருமாறு கேட்டார். திருத்திக்கொண்டே வந்தபோது ஆய்வு முறைகள் பகுதியில் பாஸ்பரசின் அளவு பிஸ்கே–சுப்பாராவ், 1925 முறையில் கணிக்கப்பட்டது என்று ஒரு வரி கண்டேன். சுப்பாராவ் என்பவர் யார் என்று கேட்டேன். மாணவர் சற்றே திகைத்தார். ஏதோ ஒரு வினைப்பொருளின் பெயராக இருக்கும் என்று எண்ணியிருந்ததாக ஒப்புக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எனக்கும் அன்று அந்தப் பெயருக்கு மேல் அதிகம் தெரியாது. தேடிப் படித்தபின், நம் மாணவச் செல்வங்கள் அறிந்திருக்கவேண்டிய வாழ்வு இது என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. தந்தையார் நோயுற்று விரைவிலேயே பணியிலிருந்து விலகியதால் வீட்டில் வறுமை குடிபுகுந்தது. சிறுவர் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார் என்றும், தாயார் ஆளனுப்பிப் பிடித்துவந்தார் என்றும் சொல்வர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை தேறியது சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து. உலகின் உயிர்வேதியியல் நூல்கள் அனைத்திலும் இடம்பெற்றுவிட்ட பெயருக்கு உரியவர், பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறியவர். இதை எழுதும்போது என் வகுப்பின் கடைசி இருக்கைகள் நினைவுக்கு வருகின்றன.

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்தபோது துறவு பூணும் விருப்பம் அவருக்கு உண்டாயிற்று. இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயின் இசைவின்றித் துறவு இல்லை என்று மடத்தார் கூறினர். தாயார் இசையவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்வதே நோக்கமாயின் மருத்துவம் படிக்கலாமே என்று வழி பிறந்தது. இவ்வாறு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் படிப்புச் செலவுக்குத் துணைநின்றனர். பிந்தியவரின் மகளான சேஷகிரியை 1919இல் சுப்பாராவ் மணந்தார்.

அக்காலம் காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் எதிரொலித்த காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்திலும் கதர் அங்கி அணிந்து நின்றார். அறுவைத் துறைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாக எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அரசு மருத்துவப் பணியும் வாய்க்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையே கிடைத்தது. பட்டத்தின் பெயரில் ஓர் எழுத்து குறைந்ததால் ஒருவருடைய வாழ்க்கைப் பாதையே கடல் கடந்து திரும்பியது.

கடல் கடக்கத் தூண்டிய துயரம் வேறொன்று. சுப்பாராவின் உடன்பிறந்தோர் இருவர் சிலநாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். இருவரையும் கொண்டுபோனது ஸ்புரூ என்னும் வெப்பநாட்டு வயிற்றுப்போக்கு நோய். குடல் உணவை உறிஞ்சாது, உடல் வற்றும், குருதி வெளுக்கும். அந்நோய் ஏன் வருகிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. பின்னர் அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையில் அவர் பிழைத்தார். மருந்து வேலை செய்தது. எப்படிச் செய்தது என்பதைச் சொல்ல எவராலும் இயலவில்லை. அந்த எப்படி என்ற கேள்வியோடுதான் அவர் புறப்பட்டார் எனலாம். காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் மாமனாரின் உதவியும் சேர, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி அப்போது கருவுற்றிருந்தார். பிறந்த ஆண்மகவு சிசுப்பருவத்திலேயே இறந்தது. தந்தை அம்மகவின் முகத்தைப் பார்த்ததேயில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் இருந்தது. கையில் பணம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமமும் இல்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவுநேரக் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார். பகலில் வகுப்பு, இரவில் கழுவும் பணி. பட்டயம் பெற்றதும் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக்கு மாறினார்.

அத்துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின். நீரிழிவுடையோர் இவர் பெயரையும் அறிந்துகொள்ளலாம். குருதியில் சர்க்கரை எவ்வளவு என்று காண்பதற்கு 1920 அளவில் ஃபோலினும் சீன அறிஞர் ஊ என்பவரும் சேர்ந்து வகுத்த முறை, இந்திய ஆய்வகங்களிலும் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. அதற்கு முற்காலத்தில் இந்நோயைக் கண்டறிந்த வகை வேறு. சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பழைய இந்திய மருத்துவர்கள் குறித்துள்ளனர். இப்னு சீனா (980–1037) தம் மருத்துவ நூலில் சிறுநீரின் இனிப்பையும் இந்நோயாளிகளுக்கு உறுப்பு அழுகுவதையும் சுட்டியிருப்பதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். எறும்பின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. எறும்பிடமிருந்து சோதனைக் குழாய்க்கு வந்த தலைமுறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஃபோலின். சுப்பாராவ் தொழில் பழகியது அவருடைய துறையில்தான். அதற்குச் சற்று முன்னர்தான், 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டிருந்தது.

அங்கே சைரஸ் பிஸ்கே என்பவரின் கீழ் சுப்பாராவுக்கு இடப்பட்ட பணி, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் எளிய முறை ஒன்றைக் காண்பது. கேட்பதற்குச் சிறிய வேலை. முறை இதுதான். அளக்கவேண்டிய திரவத்தில் அமிலத்தையும் மாலிப்டேட் உப்பையும் சேர்த்தால், அதிலுள்ள பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் கூடிக்கொள்ளும். பின்னர் ஒரு ஒடுக்கியைச் சில துளிகள் இட்டால் நீலநிறம் எழும். பாஸ்பரஸ் மிகுதியானால் நீலமும் ஆழமாகும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதனை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். 1925இல் இம்முறை வெளிவந்தது. நூறாண்டு கடந்தும் ஆய்வேடுகள் இதைச் சுட்டுகின்றன. என் இல்லத்திற்கு வந்த மாணவரின் ஏட்டில் இருந்த வரி அதுவே.

இனிதான் சுவையான செய்தி. தசையிலிருந்து எடுத்த சாற்றில் இம்முறையைக் கையாண்டபோது நீலநிறம் உடனே எழவில்லை; தயங்கித் தயங்கி எழுந்தது. வேறொருவராயிருந்தால் வினைப்பொருள் பழுது என்று கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கியிருப்பார். இவர்கள் அந்தத் தயக்கத்தையே கேள்வியாக்கினர். தசையில் பாஸ்பேட் தனியே இல்லை. வேறொன்றோடு பிணைந்து கிடக்கிறது. அமிலத்தில் அப்பிணைப்பு மெல்ல மெல்ல அவிழ்கிறது. அவிழ அவிழ நீலம் ஏறுகிறது என்று கண்டனர். அவ்வாறு 1927இல் வெளிப்பட்டதே கிரியேட்டின் பாஸ்பேட். இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் ஏறத்தாழ அதே வேளையில் இப்பொருளை நெருங்கியிருந்தனர். தசையின் இயக்கத்தை லாக்டிக் அமிலத்தைக் கொண்டு விளக்கியிருந்த ஹில், மெயர்ஹாஃப் ஆகியோரின் நோபல் பரிசு பெற்ற கொள்கை இதன்பின் திருத்தப்படவேண்டியதாயிற்று. நிறம் எழச் சில நிமிடங்கள் தாமதமானதன் விளைவு இது.

1929இல் அடுத்தது வந்தது. அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருங்கச் சொன்னால் ஏ.டி.பி. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் உடலில் எரிந்து தரும் ஆற்றலெல்லாம் இந்த மூலக்கூறாக மாற்றப்பட்டே செலவாகிறது. கை அசைவதும், இதயம் துடிப்பதும், இவ்வரியைப் படிப்பதும் இதன் செலவில்தான். ஒன்றை இங்கே தெளிவுபடுத்தவேண்டும். நம்மவர் எழுதும் கட்டுரைகள் சிலவற்றில் ஏ.டி.பி.யைச் சுப்பாராவ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று காண்கிறேன். அது மிகை. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனித்துக் கண்டறிந்தார். அமெரிக்காவில் பிஸ்கேயும் சுப்பாராவும் கண்டறிந்தனர். உள்ள பெருமையே போதுமானதாக இருக்கையில் இல்லாததைக் கூட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஏ.டி.பி.க்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை அந்நாளில் சுப்பாராவ் அறிந்திருக்க வழியில்லை. பின்வந்தோர் கண்டது இது. குளுக்கோஸ் உயிரணுவினுள் நுழைந்ததும் அதன்மீது ஒரு பாஸ்பேட் ஒட்டப்படவேண்டும். அதைத் தருவது ஏ.டி.பி. கணையத்தின் பீட்டா அணுக்கள் இன்சுலினைச் சுரக்கவேண்டுமானால், குருதியில் சர்க்கரை ஏறியுள்ளது என்ற செய்தி அவற்றுக்கு எட்டவேண்டும். அச்செய்தியும் ஏ.டி.பி.யே. அணுவினுள் அது பெருகும்போது பொட்டாசியத்தின் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதைத் தொடர்ந்து இன்சுலின் வெளிப்படுகிறது. நம் பெரியவர்கள் பலர் உட்கொள்ளும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் அதே வாயிலைத்தான் மூடுகின்றன.

இனி மாணவரின் ஆய்வுப் பொருளுக்கு வருவோம். எங்கள் திருவெறும்பூரில் வாழ்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இங்குள்ள பாரத மிகுமின் நிறுவனம் கொதிகலன் செய்யும் ஆலை. என் அத்தா அங்கே பணியாற்றி ஓய்வுபெற்றவர். அடுப்பில் நிலக்கரியைச் சரியான அளவில் இட்டுக் காற்றையும் சரியாகச் செலுத்தினால் புகை குறையும். அளவு மீறி அடைத்தால் புகை கக்கும் என்பார் அவர். உயிரணுவினுள் உள்ள இழைமணிகளும் கொதிகலன்களே. உணவை ஆக்சிசனால் எரித்து அவை ஏ.டி.பி.யைச் செய்கின்றன. செய்யும்போது சிறிது புகை கசிகிறது. அப்புகையே சூப்பர் ஆக்சைடு முதலான தனி உறுப்புகள். கிடைத்ததைத் தாக்கும் இயல்புடையவை. கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் அரித்துவிடும்.

இப்புகையை அடக்க இறைவன் உடலினுள்ளேயே காவலர்களை வைத்திருக்கிறான். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி முதற்காவலன். 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் இதன் பணியைக் கண்டறிந்தனர். அது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரசன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் தீங்குடையதாதலால் கேட்டலேஸ் என்னும் நொதி அதை நீராகவும் ஆக்சிசனாகவும் பிரித்துவிடும். புண்ணில் ஹைட்ரசன் பெராக்சைடை ஊற்றினால் நுரைத்தெழுவதைப் பார்த்திருப்போம். அது கேட்டலேஸின் வேலை. மூன்றாமவன் 1957இல் அறியப்பட்ட குளுட்டாதயோன் பெராக்சிடேஸ்.

குருதியில் சர்க்கரை ஓயாமல் மிகுந்திருந்தால் இழைமணிகளில் எரிபொருள் அடைபடுகிறது, புகை பெருகுகிறது. அதே வேளையில் காவலர்களும் தளர்கின்றனர். மிகுந்த சர்க்கரை நொதிகளின் மீதே ஒட்டிக்கொண்டு அவற்றின் திறனைக் குறைக்கிறது. குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான பொருள் வேறு வழிகளில் செலவாகிப் போகிறது. போதாக்குறைக்கு, இன்சுலினைச் செய்யும் பீட்டா அணுக்களில் இக்காவல் நொதிகள் இயல்பிலேயே குறைவு. ஆக, கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதத்தின் நரம்பு என்று மெல்லிய இடங்கள் முதலில் பழுதாகின்றன. இதையே ஆக்சிசனேற்ற நெருக்கடி என்கின்றனர். என் அத்தா வலக்கால் பெருவிரலை இழந்தபோது, முள் குத்தியதுகூடத் தெரியவில்லையே என்று என் அம்மா வியந்து வியந்து அழுதார்கள். நரம்பு ஏன் மரத்தது என்பதற்கான விடையை நான் பல்லாண்டு கழித்து ஒரு மாணவரின் ஏட்டில் படித்தேன்.

பெரியவர்கள் அனுமதித்தால் ஒரு சொல். புகையைத் தடுக்கும் மாத்திரை என்று வைட்டமின்களை வாங்கி விழுங்குவோர் நம்மிடையே உண்டு. 2000ஆம் ஆண்டு வெளியான ஹோப் என்னும் பெரும் ஆய்வில், நீரிழிவுடையோர் பலரும் அடங்கிய கூட்டத்திற்கு வைட்டமின் ஈ ஆண்டுக்கணக்கில் தந்தும் இதய நோய் குறையவில்லை. புகையை விசிறுவதைவிட அடுப்பை அளவாக எரிப்பதே வழி. மருத்துவர் சொல்லும் உணவும் நடையும் மருந்தும் அதற்காகவே.

சுப்பாராவின் வாழ்வை ஏ.டி.பி.யில் விட்டுவந்தோம். 1930இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் பத்தாண்டுகள் ஹார்வர்டில் உழைத்தும் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி தரப்படவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில பிஸ்கேயின் பொறாமையால் வெளிச்சத்திற்கு வராமற்போயின. பின்னர் வேறு அறிஞர்கள் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது. இதைச் சொன்னவர் அங்கே அவரோடு பயின்றவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். சுப்பாராவ் தமக்காக வாதாடியதாக எங்கும் காணோம். அந்தக் கூச்சத்தை அடக்கம் என்று போற்றுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் உழைப்புக்குரிய பெயரைக் கேட்பது ஆணவமாகாது, அவர் கேட்டிருக்கலாம்.

1940இல் நியூயார்க்கை அடுத்த பெர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வகத்திற்குச் சென்று, விரைவில் அதன் ஆய்வுத் துறைக்கே தலைவரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்தவற்றைக் கேட்டால், ஒருவருடைய தலைமையில் இத்தனையா என்று வியப்பு மேலிடும்.

முதலாவது ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 தொடங்கிப் பம்பாயில் ஏழைக் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். அவர்களுள் சத்துக் குறைந்த உணவில் வாழ்ந்த இஸ்லாமியப் பெண்கள் பலர். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அச்சோகையை நீக்குவதை 1931இல் வெளியிட்டார். அதிலுள்ள பொருள் யாதென்று அப்போது தெரியாது. அதுவே ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெளிந்தது. 1945இல் அதைச் செயற்கையாக ஆக்கும் வழியைச் சுப்பாராவின் குழுவினர் கண்டனர். விரைவிலேயே டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் ஸ்புரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். குருதி ஊறியது, நோயாளிகள் தேறினர். உடன்பிறந்தோர் இருவரைக் கொண்டுபோன அதே ஸ்புரூ. கால் நூற்றாண்டுக்கு முன் மனத்தில் கேள்வியைச் சுமந்து கப்பலேறியவரின் கையிலேயே விடை வந்து சேர்ந்தது. செய்தி கிட்டிய அந்நாளில் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். இன்று நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பதும் ஃபோலிக் அமிலமே. (மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்ளும் நீரிழிவுடையோருக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் சோகை மறைந்து நரம்புப் பழுது தொடரும். இதையும் சொல்லிவைக்கிறேன்.)

இரண்டாவது அந்த ஃபோலிக் அமிலத்தின் பகைப்பொருள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளைப் பார்த்துவந்தார். ஃபோலிக் அமிலத்தை ஒத்திருந்து அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் அமினோப்டெரின் முதலான மருந்துகளைச் சுப்பாராவின் குழு அவருக்குச் செய்துகொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. அதற்குமுன் அக்குழந்தைகளுக்கு மருந்து என்று ஒன்றுமில்லை. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் தரப்படுகிறது.

மூன்றாவது, 1947இல் வந்த ஹெட்ரசான். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை அழிக்கும் டை எத்தில் கார்பமசின் மருந்து இதுவே. காவிரிப் படுகையில் யானைக்கால் எவ்வளவு மலிந்திருந்தது என்பதைப் பெரியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் சுகாதார ஊழியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரையும் அதுதான். அந்த மாத்திரையை விழுங்கியவர்களுள் நானும் ஒருவன். யாருடைய ஆய்வகத்திலிருந்து அது வந்தது என்று அன்று நினைத்தும் பார்க்கவில்லை.

நான்காவது ஆரியோமைசின். டக்கர் என்னும் முதிய தாவரவியல் அறிஞருக்குச் சுப்பாராவ் இடமளித்து, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைத் தேடவிட்டார். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பொன்னிற மருந்து கிடைத்து, 1948இல் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைமகன் அது. 1994இல் சூரத் நகரில் பிளேக் பீதி எழுந்தபோது மக்கள் மருந்துக் கடைகளில் முட்டிமோதி வாங்கியது அக்குடும்பத்து மாத்திரையையே. இங்கே ஒரு விந்தை. எலிகளின் பீட்டா அணுக்களை அழித்து அவற்றுக்கு நீரிழிவை உண்டாக்க ஆய்வாளர் கையாளும் ஸ்ட்ரெப்டோசோடோசினும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து நுண்ணுயிரிலிருந்தே கிடைக்கிறது. நோய்க்கு மருந்தை நாடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். காலடி மண்ணிலும் அதைத் தேடவேண்டியிருக்கிறது.

1948 ஆகஸ்டில் ஒருநாள் சுப்பாராவ் உறக்கத்திலிருந்து எழவில்லை. மாரடைப்பு. வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் தறுவாய். கதர் அங்கிக்காகப் பட்டம் இழந்தவர் விடுதலை பெற்ற நாட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடங்கொடுத்த பின்னும் அவர் அதைப் பெற்றுக்கொள்ளவுமில்லை. இங்கே சேஷகிரி அம்மையார் கணவரைக் காணாமலேயே வாழ்ந்து முதுமையடைந்தார். சுப்பாராவின் பெருமை பேசும் கட்டுரைகளில் அவ்வம்மையாருக்கு ஒரு வரியே ஒதுக்கப்படுகிறது. இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஒரு பூஞ்சை இனத்திற்கு 1953இல் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். நூற்றாண்டு விழாவையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை ஒன்றை வெளியிட்டது.

ஆய்வேட்டின் சுருக்கத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு, மாணவர் என்னைத் தம் ஆய்வகத்திற்கு வரச் சொன்னார். போனேன். மரச்சட்டத்தில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள். நலமான எலிகளின் ஈரல் ஒரு வரிசை, நீரிழிவுற்றவை மறு வரிசை. எல்லாவற்றிலும் நீர்போலத் தெளிந்த கரைசல். மாணவர் சிறு உறிஞ்சுகுழாயால் ஒடுக்கியை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். சுப்பாராவ் சார் முறை என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அவருக்கு அது வினைப்பொருளின் பெயரன்று. சில நிமிடங்களில் முதற்குழாயில் நீலம் எழுந்தது, பின் இரண்டாவதில், பின் மூன்றாவதில். அவர் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோது மஃரிபு பாங்கு கேட்டது. நான் விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினேன்.